கணினியில் டிவி: கணினிக்குள்ளா, கணினித் திரையிலா?

கூடத்து டிவியில் சீரியல் ஓடுகிறது. அறையில் கணினி சும்மா இருக்கிறது. அல்லது வாடகை அறையில் டிவியே இல்லை, மடிக்கணினி மட்டும்தான். இதில் சேனல் பார்க்க வழி உண்டா என்று தேடினால் டிவி டியூனர் கார்டு, கேப்ச்சர் கார்டு, ஸ்டிக், செயலி, டிஷ் என்று பத்துப் பதில்கள் வரும். எல்லாமே ஏதோ ஒருவருக்குச் சரியானவை. உங்களுக்குச் சரியானது எது என்பது ஒரே கேள்வியில் பாதி முடிந்துவிடும்: டிவி கணினிக்குள் வர வேண்டுமா, கணினியின் திரையில் வந்தால் போதுமா?

பதிவு செய்ய வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே மூலையில் ஒரு சிறிய சாளரத்தில் செய்தி ஓட வேண்டும், நேரலையை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர வேண்டும் என்றால் படம் கணினிக்குள் வந்தாக வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றால் கணினியை இயக்கவே தேவையில்லை, மானிட்டர் போதும். கடையில் பணத்தை வீணாக்குபவர்களில் பலர் இரண்டாவது வகையினர். அவர்களுக்குத் தேவை ஓர் எச்டிஎம்ஐ கேபிள்; வாங்கி வருவதோ படத்தைக் கணினிக்குள் இழுக்கும் கேப்ச்சர் கார்டு.

மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. மடிக்கணினியில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்புவதற்கானது, உள்ளே வாங்காது. செட்டாப் பாக்ஸை அதில் செருகினால் எதுவும் கெடாது, எதுவும் வரவும் வராது. எந்த டிரைவரும் எந்த மென்பொருளும் இதை மாற்றாது. சில ஆல்-இன்-ஒன் கணினிகளில் மட்டும் உள்வாங்கும் எச்டிஎம்ஐ தனியாக இருக்கும். துளையின் அருகே ‘இன்’ என்று பொறித்திருக்கும்.

பழைய டியூனர் கார்டு வேண்டாம்

மதர்போர்டில் செருகும் பிசிஐ கார்டு, யூஎஸ்பி டிவி ஸ்டிக் என்று பழைய பொருள் சந்தையிலும் இணையக் கடைகளிலும் இன்னும் கிடைப்பவை பெரும்பாலும் அனலாக் டியூனர்கள். சுவரிலிருந்து வரும் கேபிளை நேரடியாகச் செருகினால் சேனல் வந்த காலத்துக்கானவை. இந்தியாவில் கேபிளை டிஜிட்டலாக்கும் நான்கு கட்டப் பணி 2012-ல் பெருநகரங்களில் தொடங்கியது. கடைசிக் கட்டத்துக்கான கெடு 2017 மார்ச் 31. தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனத்துக்கான டிஜிட்டல் உரிமம் 2017-ல்தான் கிடைத்தது. அதன் பிறகே இலவச செட்டாப் பாக்ஸ்கள் வீடுகளுக்கு வந்தன. தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஐம்பது போக, மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்த முடிவெடுத்தது. ஆக, அந்தக் கார்டில் ஸ்கேன் கொடுத்தால் வருவது வெறும் புள்ளிமழைதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கணினி இல்லாமலே மானிட்டரில் டிவி காட்டும் வெளிப்புற டிவி பாக்ஸ் என்று ஒன்று விற்றார்கள்: ஒரு பக்கம் ஆன்டெனா துளை, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி துளைகள், மறுபக்கம் விஜிஏ. அதன் ஆன்டெனா துளை இன்று உதவாது. ஏவி துளைகளோ இன்றும் வேலை செய்யும். விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டரையும் ஏவி வெளியீடு உள்ள செட்டாப் பாக்ஸையும் சேர்க்க அதைவிட எளிய கருவி இல்லை. பரணில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

தூர்தர்ஷன் 2016-ல் சென்னை உட்படப் பதினாறு நகரங்களில் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கான டியூனர் வாங்கினாலும் கிடைப்பது தூர்தர்ஷனின் சில சேனல்கள் மட்டுமே. அதே சேனல்கள் டிஷ்ஷிலும் இணையத்திலும் இலவசமாக வருகின்றன. விட்டுவிடலாம்.

செட்டாப் பாக்ஸ், நேரே மானிட்டருக்கு

மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு முதல் பரிந்துரை இதுதான். படத் தரம் டிவியில் வருவது போலவே இருக்கும், இணையம் வேண்டாம், கணினி ஓட வேண்டியதில்லை. கணினியை மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது விஜிஏ துளையிலும் பாக்ஸை எச்டிஎம்ஐ துளையிலும் இணைத்துவிட்டால் மானிட்டரின் ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் எச்டிஎம்ஐ துளை ஒன்றே என்றால் இரண்டு உள்ளே, ஒன்று வெளியே என்ற சுவிட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்பிளிட்டர் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது ஒரு படத்தை இரண்டாகப் பிரிப்பது, நேர் எதிர்.

சிக்கல் வருவது நான்கு இடங்களில்.

முதலாவது ஒலி. பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. பின்புறம் 3.5 மிமீ ஹெட்போன் துளை இருந்தால் எச்டிஎம்ஐ வழி வரும் ஒலி அதில் வெளியே வரும்; கணினி ஸ்பீக்கரை அங்கே செருகினால் போதும். அதுவும் இல்லையென்றால் பாக்ஸின் ஏவி வெளியீட்டில் சிவப்பையும் வெள்ளையையும் மட்டும் எடுத்து, ஆர்சிஏ-3.5 மிமீ கேபிள் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் எச்டிஎம்ஐ படமும் ஏவி ஒலியும் ஒரே நேரத்தில் வரும். டிவிஐ மட்டும் உள்ள மானிட்டருக்கு எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் படத்தைக் கொண்டுபோகும். ஒலிக்கு இந்த ஏவி வழிதான்.

சாதாரணச் சேனல்களில் ஒலி வருகிறது, சில எச்டி சேனல்களில் மட்டும் இல்லை என்றால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். அந்தச் சேனல்கள் டால்பி ஒலியில் வருகின்றன. மானிட்டருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. பாக்ஸின் ஆடியோ அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, படமே வராமல் ‘இன்புட் நாட் சப்போர்ட்டட்’ என்று வருவது. இந்திய எச்டி ஒளிபரப்பு பொதுவாக 1080 வரி, இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படத்தைப் பாதி பாதியாக அனுப்புவது), நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது பாதிப் படம். டிவி என்றால் இது தெரியும். கணினி மானிட்டர்கள் சில 60 ஹெர்ட்ஸ், முழு ஃபிரேம் மட்டுமே ஏற்கும். பாக்ஸின் அமைப்பில் வெளியீட்டை 720பி-க்கு, முடிந்தால் 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ‘திரையே வரவில்லை, எப்படி மாற்றுவது’ என்ற கேள்வி நியாயமானது: பாக்ஸைக் கூடத்து டிவியில் ஒருமுறை செருகி, அங்கே மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது எச்டிசிபி. பாக்ஸும் திரையும் எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் நகல் தடுப்பு ஏற்பாடு இது. எச்டிஎம்ஐ துளை உள்ள மானிட்டர்களில் பொதுவாகச் சிக்கல் இல்லை. பழைய டிவிஐ மானிட்டர்கள் சிலவற்றிலும், மலிவான எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றிகளிலும் இது தட்டும். அறிகுறி தெளிவானது: பாக்ஸின் மெனு தெரியும், சேனல் போட்டால் கறுப்பு, அல்லது சில சேனல் வரும், எச்டி வராது. விஜிஏ மட்டும்தான் என்றால் ஏவி-விஜிஏ மாற்றியே நிம்மதி. 576 வரிப் படம் பெரிய திரையில் கொஞ்சம் மசமசவென்றிருக்கும், ஆனால் தடை இருக்காது.

நான்காவது தொழில்நுட்பம் அல்ல, கட்டணம். கூடத்து பாக்ஸை அறைக்கு எடுத்துவந்தால் கூடத்தில் சண்டை. இரண்டாவது பாக்ஸ் என்றால் இரண்டாவது இணைப்பு. அதற்குக் கட்டணம் எவ்வளவு குறைவு என்று கேபிள்காரரிடமோ டிடிஎச் நிறுவனத்திடமோ கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். ஒரே பாக்ஸிலிருந்து ஸ்பிளிட்டர் வைத்து அறைக்கு எச்டிஎம்ஐ இழுக்கலாம், பத்து மீட்டர் வரை நல்ல கேபிளில் தாங்கும். ஆனால் இரண்டு திரையிலும் ஓடுவது ஒரே சேனல்; ரிமோட் கூடத்தில் இருப்பவர் கையில்.

அதே பாக்ஸ், கணினிக்குள்: கேப்ச்சர் கார்டு

மடிக்கணினிக்காரர்களும், படம் சாளரத்தில்தான் வேண்டும் என்பவர்களும் வந்து நிற்கும் இடம் இது. ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை விற்கும், விரல் நீள எச்டிஎம்ஐ-யூஎஸ்பி கருவிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது எம்எஸ்2109 என்ற சில்லு. அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று இருக்கும். 4கே படத்தை அது உள்வாங்கும், அவ்வளவுதான். கணினிக்குக் கொடுப்பது அதிகபட்சம் 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம்.

அந்த 30 ஃபிரேமும் சரியான அமைப்பில்தான் வரும். சுருக்காத 1080பி படம் நொடிக்குச் சுமார் 124 மெகாபைட் கேட்கும், யூஎஸ்பி 2.0 நடைமுறையில் தருவது 40 அளவுக்குத்தான். அதனால் ஓபிஎஸ் போன்ற வீடியோ பதிவு மென்பொருளில் வடிவத்தைச் சுருக்காத ‘யூய்2’ (YUY2) என்று விட்டால் படம் தத்தித் தத்தி வரும். சேர்க்க வேண்டிய முறை: வீடியோ கேப்ச்சர் டிவைஸ் என்று புதிய மூலம் ஒன்றைச் சேர்த்து, ரெசல்யூஷனை ‘கஸ்டம்’ ஆக்கி 1920×1080, வடிவத்தில் சுருக்கிய ‘எம்ஜேபெக்’ (MJPEG), ஃபிரேம் 25 என்று வையுங்கள். விளையாட்டுக்கு 1280×720-ல் 50 ஃபிரேம் கிடைத்தால் அதுவே மேல். பந்தின் ஓட்டம் சீராகத் தெரியும். ஒலி ஒற்றைக் காதில் அல்லது விசித்திரமாக வந்தால் அதுவும் இந்தச் சில்லின் குணம்தான்: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கணினியிடம் அறிவித்துக்கொள்ளும். புதிய லினக்ஸ் கெர்னல்களில் இதற்குத் திருத்தம் உண்டு. விண்டோஸில் மோனோவாக ஏற்றுக்கொண்டு பார்ப்பதே வழக்கம்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு பெரிய சுவர் ஒன்று நிற்கிறது. செட்டாப் பாக்ஸ் எச்டிசிபி-யை இயக்கினால் கேப்ச்சர் கருவியில் வருவது கறுப்புத் திரை. பாக்ஸின் எச்டிஎம்ஐயை நம்பி கேப்ச்சர் கார்டு வாங்கச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே. வாங்கும் முன் சோதித்துப் பார்க்க யாரிடமாவது கருவி இருந்தால் கேட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லாத கடையில் வாங்காதீர்கள்.

தடையில்லாத வழி பாக்ஸின் ஏவி வெளியீடு. மஞ்சள்-சிவப்பு-வெள்ளையை யூஎஸ்பி ஆக்கும் ‘ஈஸிகேப்’ வகைக் கருவிகளில் 720×576 கிடைக்கும். வெளியே ஒரே உருவம், உள்ளே நாலைந்து வகைச் சில்லு என்பதுதான் இதன் தலைவலி. கூட வரும் குறுந்தகட்டு டிரைவர் விண்டோஸ் 10, 11-ல் ஏறாமல் போவது சாதாரணம். லினக்ஸில் எஸ்டிகே1160, யூடிவி007 சில்லுகளுக்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு, செருகியதும் வரும். அமைப்பில் ‘பால்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘என்டிஎஸ்சி’ என்று இருந்தால் படம் உருளும் அல்லது கறுப்பு வெள்ளையாக வரும். அசையும் உருவங்களின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ்: ஓபிஎஸ்ஸில் மூலத்தின் மேல் வலச்சொடுக்கி டீஇன்டர்லேஸிங்கில் ‘யாடிஃப் 2எக்ஸ்’, விஎல்சியில் ஆங்கில ‘டி’ எழுத்தை அழுத்தினால் போதும்.

எந்த கேப்ச்சர் வழியானாலும் சேனல் மாற்ற பாக்ஸின் ரிமோட்தான். பாக்ஸ் வேறு அறையில் இருந்தால் நடக்க வேண்டியதுதான்.

பிரவுசர்

மடிக்கணினிக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் டிவியில் வருவதெல்லாம் ஒரே இடத்தில் வராது. சேனல் சேனலாக எங்கே என்று பார்க்க வேண்டும்.

செய்தி மட்டும் போதும் என்பவர் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை. புதிய தலைமுறை, பாலிமர், தந்தி, நியூஸ்18 தமிழ்நாடு, நியூஸ்7, சன் நியூஸ் எனத் தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து டிடி தமிழ் ஆன சேனலும் இணையத்தில் உண்டு. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ தளத்தில் தூர்தர்ஷன் சேனல்கள் கிடைக்கின்றன.

பொழுதுபோக்குச் சேனல்களில் சன் குழுமம் சன் நெக்ஸ்டில், ஜீ தமிழ் ஜீ5-ல், விஜய் டிவி நிகழ்ச்சிகளும் கிரிக்கெட்டில் பெரும்பங்கும் ஜியோஹாட்ஸ்டாரில். ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றானதிலிருந்து ஐபிஎல்லுக்கும் அங்கேதான் போக வேண்டும். சந்தா எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: ரீசார்ஜுடன் இலவசமாக வருவதும், விலைப்பட்டியலில் மிக மலிவானதும் பெரும்பாலும் ‘மொபைல்’ திட்டம். அது கைபேசிக்கு மட்டும். கணினி பிரவுசரில் உள்நுழைந்தால் மேல் திட்டத்துக்கு மாறச் சொல்லும். கணினியில் பார்க்க அடுத்த படித் திட்டம் வேண்டும். விலை அடிக்கடி மாறுகிறது. திட்டத்தின் சாதனப் பட்டியலில் ‘வெப்’ இருக்கிறதா என்பதைத்தான் படிக்க வேண்டும். ஜியோ டிவி கைபேசிக்கான செயலி. கைபேசிச் செயலிகளைக் கணினியில் இயக்கும் எமுலேட்டரில் அதை ஓட்டும் குறிப்புகள் உலவுகின்றன. அடுத்த அப்டேட்டில் நின்றுபோகும் ஏற்பாட்டுக்கு மெனக்கெட வேண்டாம்.

இணையக் கணக்கு எளிது. நல்ல 1080பி நேரலைக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மணிக்கு 2.25 ஜிபி. தினம் நான்கு மணி நேரம், மாதம் 270 ஜிபி. ஃபைபர் இணைப்பில் இது பொருட்டே அல்ல. ‘வரம்பற்ற’ திட்டங்கள் பலவற்றின் மாத உச்சவரம்பு 3,300 ஜிபி. கைபேசி ஹாட்ஸ்பாட் என்றால் கதை வேறு: நாளுக்கு 2 ஜிபி திட்டம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 480பி-க்கு இறக்கினால் மூன்று மணி நேரம் ஓட்டலாம். மடிக்கணினியின் பதினைந்து அங்குலத் திரையில் செய்திக்கு அது போதும்.

பழைய கணினியில் யூடியூப் நேரலை திணறினால் இணையத்தைத் திட்டுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியூ எவ்வளவு என்று பாருங்கள். நூறைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரச்சினை படத்தைப் பிரிப்பதில் இருக்கிறது. யூடியூப் விபி9, ஏவி1 ஆகிய புதிய வடிவங்களை அனுப்ப விரும்பும். இன்டெல்லில் விபி9-ஐ முழுமையாக வன்பொருளிலேயே பிரிக்கும் திறன் ஏழாம் தலைமுறையில் வந்தது; ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கணினியில் அந்தச் சுமையில் பெரும்பகுதி சிபியூவின் தலையில் விழுகிறது. யூடியூபைப் பழைய எச்.264 வடிவத்தில் தரச்சொல்லும் பிரவுசர் நீட்டிப்பு ஒன்றைச் சேர்த்தால் அதே கணினி மூச்சுவிடும். பிரவுசர் அமைப்பில் ‘கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்’ அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். யாரோ எப்போதோ கறுப்புத் திரைப் பிரச்சினைக்காக அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

பதிவு செய்ய முடியாது என்பது இந்த வழியின் எல்லை. சந்தாத் தளங்களின் படம் பாதுகாக்கப்பட்டே வருகிறது. திரையைப் பதிவு செய்தால் ஒலி மட்டும் ஓட, படம் கறுப்பாக இருக்கும்.

இன்னொன்று தாமதம். இணைய நேரலை துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. அதனால் டிஷ், கேபிளைவிட இருபது முப்பது வினாடி பின்தங்குவது இயல்பு. சீரியலுக்கு இது தெரியாது. கடைசி ஓவரில் பக்கத்து வீட்டுக் கூச்சல் விக்கெட்டை முன்கூட்டியே சொல்லிவிடும். கிரிக்கெட்டுக்காகவே இந்த ஏற்பாடு என்றால் செட்டாப் பாக்ஸ் வழிக்குத் திரும்ப இது ஒன்றே போதுமான காரணம்.

டிஷ்ஷிலிருந்து நேரே கணினிக்கு

செயற்கைக்கோள் ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-எஸ்2 டியூனர் என்பது செட்டாப் பாக்ஸின் வேலையைக் கணினியே செய்வது. மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டாகவும் யூஎஸ்பி பெட்டியாகவும் டிபிஎஸ் போன்ற நிறுவனங்களின் கருவிகள் கிடைக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் அரிது. வரவழைத்தால் சுங்க வரியோடு பல ஆயிரம் ஆகும். செய்து பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு இதைவிடச் சுவையான வழி இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை.

ஏன் என்றால், டாடா பிளே, சன் டைரக்ட், ஏர்டெல் போன்ற கட்டண டிடிஎச் சேனல்கள் மறைகுறியாக்கி வருகின்றன. அவற்றின் கார்டு அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் மாடியில் இருக்கும் கட்டண டிடிஎச் டிஷ்ஷின் கேபிளைக் கணினி டியூனரில் செருகினால் அந்தச் சேனல்களின் பெயர்கள் பட்டியலாக வரும், படம் வராது. கிடைப்பவை இலவசச் சேனல்கள் மட்டும். சிறிய டிஷ்ஷில் வாங்கக்கூடிய கேயூ அலைவரிசையில் அதற்கு நமக்கு இருப்பது தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்: 93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-15. 2004-ல் தொடங்கியது, மாதக் கட்டணம் இல்லை. ஆனால் அதில் இந்திச் சேனல்களே பெரும்பான்மை, தமிழ் சொற்பம்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகளின் ஒளிபரப்பை உரிமை பெற்ற நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்பது 2007-ம் ஆண்டுச் சட்டம். அந்தப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம், தனியார் கேபிள், டிடிஎச்சில் போகக்கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கேபிளில் தூர்தர்ஷன் சேனலில் மேட்ச் வராமல் வேறு ஏதோ ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஐபிஎல் இந்தச் சட்டத்தில் வராது. இரண்டாவது காரணம் ஸ்வயம் பிரபா போன்ற கல்விச் சேனல்கள். அவையும் ஜிசாட்-15-ல்தான், இணையம் இல்லாத வீட்டிலும் பாடங்களைப் பதிவு செய்து வைக்கலாம்.

பொருத்துவதற்கு 60 செமீ டிஷ், டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் யுனிவர்சல் எல்என்பி, ஆர்ஜி6 கேபிள் போதும். சென்னையிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலம் சுற்றி 134 பாகையில், தரையிலிருந்து 68 பாகை உயரத்தில் இருக்கிறது. கோவையில் 123 பாகை, உயரம் 67. வீடுகளில் வழக்கமாக வைக்கும் ஆஃப்செட் டிஷ்ஷின் முகம் இதைவிட இருபது பாகைக்கு மேல் தாழ்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். அது தவறல்ல, அதன் அமைப்பே அப்படி. டியூனர் மென்பொருளில் எல்என்பி அலைவெண் 9750/10600 என்று கொடுத்து, டிஷ்ஷை மிக மெதுவாக நகர்த்துங்கள். பார்க்க வேண்டியது சிக்னல் ‘குவாலிட்டி’. ‘ஸ்ட்ரெங்த்’ டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் காட்டும். குவாலிட்டி எழுந்த பிறகு எல்என்பியைப் பிடியிலேயே இடமும் வலமும் திருப்பி உச்சத்தில் நிறுத்துங்கள்.

யூஎஸ்பி டியூனரோடு வரும் மின் அடாப்டரை எடுத்து வைத்துவிட்டு யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓட்டப் பார்ப்பது பரவலான தவறு. எல்என்பிக்குச் செங்குத்து அலைக்கு 13, கிடைமட்ட அலைக்கு 18 வோல்ட் கேபிள் வழியே போக வேண்டும், யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். கருவி கணினியில் தெரியும், ஸ்கேனில் ஒரு சேனலும் வராது. செங்குத்து அலைச் சேனல்கள் மட்டும் வந்து கிடைமட்டச் சேனல்கள் விட்டுப்போனால் 18 வோல்ட் போய்ச் சேரவில்லை என்று பொருள்: நீண்ட, மட்டமான கேபிள் அல்லது ஈரம் இறங்கிய எஃப் கனெக்டர். வடகிழக்குப் பருவமழையில் கனமழை கொட்டும்போது படம் சிதறுவது கேயூ அலைவரிசையின் இயல்பு. மழை விட்டதும் வந்துவிடும். மழை விட்டும் வரவில்லை என்றால் கனெக்டரைப் பாருங்கள்.

மென்பொருளுக்கு விண்டோஸில் டிவிபிவியூவர், புரோக்டிவிபி, இலவசமான நெக்ஸ்ட்பிவிஆர். விண்டோஸ் மீடியா சென்டரைத் தேட வேண்டாம். விண்டோஸ் 10-லேயே எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருளை நிறுவினால் டிஷ் இணைந்த கணினி ஒன்று, வீட்டின் மற்றக் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் வைஃபையில் சேனல் கொடுக்கும். கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரில் பார்க்கலாம், நேரம் குறித்துப் பதிவு செய்யலாம். வந்த டிஜிட்டல் ஓட்டத்தை அப்படியே கோப்பில் எழுதுவதால் பதிவில் தரம் குறையாது, சிபியூ ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது. சாதாரணச் சேனல் மணிக்கு ஒன்று முதல் இரண்டு ஜிபி. பதிவு செய்வதற்கென்றே பார்த்தால் இதற்கு இணை வேறு வழி இல்லை. பார்க்க மட்டும் என்றால், டிஷ்ஷோடு சேர்த்து ஓரிரண்டாயிரத்துக்குள் முடியும் ஃப்ரீ டிஷ் பாக்ஸை மானிட்டரில் செருகுவதே புத்திசாலித்தனம்.

ஸ்டிக், எம்3யூ, மின்சாரம்

மானிட்டரும் வைஃபையும் இருந்து, கேபிள் இழுக்க முடியாத அறை என்றால் ஃபயர் டிவி, ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக்குகள் நல்ல சமரசம். ரிமோட்டோடு அதே செயலிகள் ஓடும்; ஒலிக்கு புளூடூத் ஸ்பீக்கரை ஸ்டிக்கிலேயே இணைக்கலாம். இணைய நிறுவனங்கள் ஃபைபரோடு தரும் டிவிச் சேவைகள் பல ஆண்ட்ராய்டு டிவி செயலியாகத்தான் வருகின்றன. கணினி பிரவுசரில் திறக்காது. அவற்றுக்கும் ஸ்டிக்தான் கதவு. பிஎஸ்என்எல் 2024-ல் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் தொடங்கிய ஐஎஃப்டிவி அப்படிப்பட்டது. ஸ்டிக்கின் மின்சாரத்தை மானிட்டரின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். படம் ஓடும் நடுவே தானாக மறுதொடக்கம் ஆகும். கூட வந்த அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.

டெலிகிராமில் ‘எல்லாச் சேனலும் இலவசம்’ என்று சுற்றும் எம்3யூ பட்டியல்களை (சேனல்களின் இணைய முகவரிகள் அடங்கிய கோப்புகள்) விஎல்சியில் போட்டால் ஓடத்தான் செய்யும். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒருபுறம். மேட்ச் நாளில் பாதி இணைப்புகள் செத்துக் கிடக்கும் என்பது மறுபுறம். கூடவே ‘பிளேயர்’ என்று நிறுவச் சொல்லும் கோப்பில் என்ன இருக்கிறதோ தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் அதை ஓட்டுவது எந்த மிச்சத்துக்கும் தகாது. சேனல் நிறுவனமே தன் தளத்தில் தரும் நேரலை முகவரியை விஎல்சியில் திறப்பதில் தவறில்லை.

மின்கட்டணத்தையும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். மேசைக் கணினியும் மானிட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட் என்றால் தினம் ஐந்து மணி நேரத்துக்கு மாதம் 15 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாத ரீடிங்கில் 30. இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிவிக்கே போகும். மானிட்டரும் செட்டாப் பாக்ஸும் மட்டும் என்றால் 40 வாட்டைத் தாண்டாது, இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். மடிக்கணினி அதையும் விடக் குறைவு. கிராஃபிக்ஸ் கார்டு போட்ட விளையாட்டுக் கணினியில் நாள் முழுக்கச் செய்திச் சேனலை ஓடவிடுபவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் வாட்டுக்கு ஏற்ப மறுபடி போட்டுக்கொள்ளட்டும்.